டிரை கிளட்ச் கலகலன்னா பிளேட் போச்சுன்னு அர்த்தமா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியணுமில்ல. கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்து நாலு மாசம் ஆச்சு. பழைய டுகாட்டி மான்ஸ்டர் 900 ஒண்ணைத் தனி ஆள்கிட்ட வாங்கியிருக்கீங்க. நியூட்ரல்ல நிக்கறப்போ கிளட்ச் லிவரைப் பிடிச்சா கலகலன்னு சத்தம். ஒர்க்‌ஷாப்ல பிளேட்டெல்லாம் உட்கார்ற கூடையான ஹவுசிங்கோட முழு செட்டும் மாத்தணும், ஆயிரம் யூரோகிட்ட ஆகும்னுட்டாங்க. பிளேட்டைப் பொள்ளாச்சியிலிருந்து யார்கிட்டயாவது கொடுத்தனுப்பச் சொல்லலாமா, நீங்களே மாத்திக்கலாமான்னு கேக்கறீங்க.

சத்தத்தை மட்டும் நம்பிப் பணத்தை எடுத்து வெக்காதீங்க. நம்ம ஊர்ல ஓடற ஸ்ப்ளெண்டர், புல்லட்டுக்கெல்லாம் கிளட்ச் எண்ணெயில முங்கிக் கிடக்கும், அதனால சத்தம் வெளிய தெரியாது. உங்க வண்டியில கிளட்ச் எண்ணெய் படாம உலர்ந்தே இருக்கும், அதைத்தான் டிரை கிளட்ச்ங்கறது. லிவரைப் பிடிச்சதும் பிளேட்டெல்லாம் தளர்ந்து, அதோட ஓரத்துல நீட்டிக்கிட்டிருக்கற காதுகள் ஹவுசிங் பள்ளத்துல தட்டும். பிடிச்சா சத்தம், விட்டா அமைதி என்பது இந்த வண்டியோட சுபாவம். லிவரை விட்ட பிறகும் சத்தம் வருதா, நகர்த்தும்போது இழுத்து இழுத்து வெட்டுதா, நாலாவது கியர்ல ஏத்தத்துல முறுக்கினா வேகம் ஏறாம ஆர்.பி.எம். மட்டும் ஏறுதா, இதையெல்லாம் பாருங்க. முதல் ரெண்டும் பெரும்பாலும் ஹவுசிங் பள்ளம் தேய்ஞ்சதால வரும். மூணாவதுதான் லைனிங் (பிளேட் மேல ஒட்டியிருக்கற உரசற படலம்) தேய்மானம், இல்லேன்னா பிளேட்ல எண்ணெய் பட்டிருக்கும்.

பிடிச்சும் கியர் கரகரன்னு விழுது, நியூட்ரல் கிடைக்க மாட்டேங்குதுன்னா அது பெரும்பாலும் பிளேட் கோளாறே இல்லை. இடது பக்கம், லிவர் அழுத்தத்தை ஃப்ளூயிட் வழியா வாங்கிக் கிளட்சைத் தள்ளற ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்க. அங்க ஈரமோ, பெயிண்ட் உரிஞ்சதோ தெரிஞ்சா சீல் போயிருக்கு. டாட் 4 ஃப்ளூயிடை மாத்தி, காத்து எடுத்துட்டாலே பாதிப் பேருக்குச் சரியாயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஃப்ளூயிடை மாத்தியே ஆகணும், பழைய வண்டி வாங்கினவங்க இதை மறந்தே போறாங்க.

இனி திறந்து பாக்கறது. வண்டி ஆறியிருக்கணும். வலது பக்கம் கிளட்ச் கவரைக் கழட்டினாப் போதும், எஞ்சின் எண்ணெயை வடிக்க வேண்டியதில்லை. உள்ள பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கற பிரஷர் பிளேட்டுல ஆறு ஸ்பிரிங், ஆறு சின்ன ஸ்க்ரூ இருக்கும். 4 மி.மீ. ஆலன் கீயால எதிரெதிரா, ஒவ்வொண்ணையும் அரைச் சுத்துதான் தளர்த்தணும். ஒண்ணை மட்டும் முழுசாக் கழட்டினா மிச்ச ஸ்பிரிங் பிளேட்டைக் கோணலாத் தள்ளி, மரை போயிடும். பிரஷர் பிளேட் வெளிய வந்த பிறகு யாரும் லிவரைத் தொடக் கூடாது. தொட்டா ஸ்லேவ் பிஸ்டன் துருத்திக்கிட்டு வெளிய வந்துடும், அதைத் திரும்ப உட்கார வெக்க ஒரு சாயங்காலம் போயிடும்.

பிளேட்டுகளை ஒரு வளைச்ச கம்பியால ஒவ்வொண்ணா இழுத்து, வர்ற வரிசையிலயே, வெளிப்பக்கம் மேல இருக்கற மாதிரி பேப்பர் மேல அடுக்குங்க. லைனிங் ஒட்டின பிளேட், வெறும் ஸ்டீல் பிளேட்னு ரெண்டு வகை இருக்கும். ஸ்டீல் பிளேட் எல்லாம் ஒரே கனம் இல்லை: 2 மி.மீ., 1.5 மி.மீ. கலந்து வரும். ஒண்ணு மட்டும் லேசாக் குழிஞ்சு, ஓரத்துல புள்ளி அடிச்சிருக்கும். அது எந்த இடத்துல, எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. முன்னாடி யாராவது தப்பா மாட்டியிருக்கலாம், அதனால மேனுவலோடயும் ஒத்துப் பாருங்க.

அளவு இப்படி. லைனிங் பிளேட் புதுசு 3 மி.மீ.; 2.8-க்குக் கீழ போனா மாத்தணும். ஒரே இடத்துல அளக்காம நாலஞ்சு இடத்துல வெர்னியர் வையுங்க. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல வெச்சு, இடைவெளி அளக்கற மெல்லிசுத் தகடான ஃபீலர் கேஜை அடியில விடுங்க: 0.2 மி.மீ.க்கு மேல வளைஞ்சிருந்தா போச்சு. நீலம் பாஞ்சிருந்தா அரைக்கிளட்ச்ல சூடேத்தியிருக்காங்க. டிராஃபிக்ல கிளட்சைப் பாதி பிடிச்சே நகர்த்தறது எண்ணெய்க் கிளட்சுக்கே ஆகாது, இங்க சூட்டைத் தணிக்க எண்ணெயும் இல்லை. சிக்னல்ல நியூட்ரல் போட்டுடுங்க. மொத்த அடுக்கையும் கையால அழுத்தி அளந்தா 38 மி.மீ.கிட்ட வரணும். லைனிங் நல்லா இருந்தும் அடுக்கு குறைஞ்சா, தடிப்பான ஸ்டீல் பிளேட் ஒண்ணு மாத்தி அளவைச் சரி பண்ணலாம். முழு செட் வேண்டாம்.

அடுத்தது ஹவுசிங். பிளேட் காதை பள்ளத்துல வெச்சு ஆட்டிப் பாருங்க, இடைவெளி 0.6 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. பள்ளத்தோட பக்கச் சுவர்ல நகத்தை ஓட்டினா படிக்கட்டு மாதிரித் தட்டுதுன்னா, காது அந்தக் குழியில மாட்டிக்கிட்டுத்தான் வண்டி இழுத்து வெட்டுது. சின்னப் பிசிறா இருந்தா அரத்தால நீவலாம். ஆழமா இருந்தா நீவற வேலை வேண்டாம், நீவ நீவ இடைவெளிதான் கூடும். குழி விழுந்த ஹவுசிங்ல புது பிளேட் போட்டா அதோட காதும் சீக்கிரம் நசுங்கும். அந்த விஷயத்துல மட்டும் உங்க ஒர்க்‌ஷாப்காரர் சொல்றது நியாயம்.

பிளேட் மாத்தறது வீட்டு வேலை, ஹவுசிங் அப்படியில்லை. பிளேட்டுகளுக்கு நடுவுல இருக்கற ஹப்பைக் கழட்டினாத்தான் ஹவுசிங் போல்ட் தெரியும். ஹப் நட்டுக்கு 32 மி.மீ. சாக்கெட், ஹப்பைச் சுத்தாம பிடிக்கற டூல், 180 நியூட்டன் மீட்டருக்கு மேல போகற டார்க் ரெஞ்ச் எல்லாம் வேணும். உள்ள எட்டு போல்ட்டும் லாக்டைட்ங்கற மரை தளராம பிடிக்கற பசையில ஒட்டியிருக்கும், ஹீட் கன்ல சூடு காட்டாம திருகினா தலை உருண்டுடும். இதுக்கு மீட்வெர்க்‌ஷ்டாட்னு தேடுங்க: லிஃப்டும் டூலும் மணிக்கணக்குல வாடகைக்கு விடற பட்டறை. அபார்ட்மெண்ட் முற்றத்துல வண்டி பிரிக்கறதை வீட்டுக்காரங்க பெரும்பாலும் விடமாட்டாங்க, ஞாயித்துக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

தூசி விஷயம் முக்கியம். உள்ள கறுப்பா மாவு மாதிரி படிஞ்சிருக்கும், கம்ப்ரஸர் காத்தால ஊதாதீங்க. மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனர் அடிச்சு, ஈரத்துணியால துடைங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல ஆஸ்பெஸ்டாஸ் 2005-லிருந்து முழுத் தடைதான். ஆனா பழைய சாமான் சந்தையில கிடைக்கற டப்பா பிளேட் எந்த வருஷத்துதுன்னு யாருக்குத் தெரியும்? அதை வாங்கவே வேண்டாம். துடைச்ச துணியை நகராட்சியோட அபாயக் கழிவு மையத்துல கொடுத்துடுங்க.

பிளேட்ல எண்ணெய் இருந்தா, எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம புது செட் மாட்டாதீங்க. கிளட்ச் தள்ளு கம்பி கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்கு நடுவுல போகுது; அதோட ரப்பர் வளையமான ஓ-ரிங் போனாலும், ஹவுசிங்குக்குப் பின்னாடி இருக்கற சீல் போனாலும் எண்ணெய் வரும். ஓ-ரிங் சில்லறை விலைதான்.

திரும்ப மாட்டும்போது பிளேட்ல கிரீஸ், எண்ணெய், விரல் ரேகைகூட வேண்டாம். ஸ்பிரிங் ஸ்க்ரூ அலுமினியத்துல இறங்குது, 5 நியூட்டன் மீட்டர்கிட்டதான் தாங்கும். பெரிய ராட்செட்டை எடுக்காம ஆலன் கீயோட குட்டைக் கையைப் பிடிச்சுத் திருகுங்க. முதல் நூறு கிலோமீட்டருக்கு முறுக்காம ஓட்டினா லைனிங் படிஞ்சுக்கும்.

பொள்ளாச்சி யோசனையை விட்டுடுங்க. அங்க கார் டிஸ்க்குக்குப் புது லைனிங் ஒட்டித் தர்றவங்க இருக்காங்க, அது வேற தடிப்பு. இந்த மெல்லிசுத் தட்டுக்கு அது ஆகாது. பிளேட் இங்கயே ஆன்லைன்ல கிடைக்கும். அலுமினிய பிளேட் எடை குறைவுன்னு விளம்பரம் பண்ணுவாங்க, தினமும் ஓட்டறவங்களுக்கு ஸ்டீல் காது வெச்சதுதான் உழைக்கும். கவர்ல ஜன்னல் வெட்டினதை அழகுக்கு மாட்டாதீங்க, இங்க பெய்யற மழைக்கு ஸ்டீல் பிளேட் துருப்பிடிச்சு ஒட்டிக்கும். பனிக்காலத்துல மாசக்கணக்கா நிறுத்தி எடுக்கும்போதும் இதே தொல்லை. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கியர் போட்டு, லிவரைப் பிடிச்சுத் தள்ளிப் பாருங்க.

பி.எம்.டபிள்யூ. பழைய பாக்ஸரோ மோட்டோ குஸ்ஸியோ வாங்க நினைக்கற கூட்டாளிக்கு ஒரு வார்த்தை: அதுலயும் டிரை கிளட்ச்தான், ஆனா கியர்பாக்ஸைப் பின்னாடி கழட்டினாத்தான் பிளேட் கண்ணுல படும். அங்க கூலிதான் பிளேட் விலையை முழுங்கும்.

நீங்க கேக்காத ஒண்ணு. இந்திய லைசென்ஸ் இங்க குடியேறின நாள்லிருந்து ஆறு மாசம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதி ஜெர்மன் லைசென்ஸ் எடுக்கணும். நாலு மாசம் போயிடுச்சு, வண்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஓட்டுநர் பள்ளியில பேர் கொடுங்க.

திறந்து பாத்துட்டு நாலு எண் எழுதி அனுப்புங்க: லைனிங் கனம், ஸ்டீல் வளைவு, அடுக்கு உயரம், காது இடைவெளி. அதைப் பாத்துட்டு என்ன வாங்கணும்னு சொல்றேன்.