ரிப்போர்ட்டுக்குக் காசு கிடையாது

கேள்வி: காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 20 வயது 7 மாதம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் 9,000 ரூபாய் செல்போனை எடுத்துவிட்டான். முதல் வழக்கு. போன் திரும்பக் கிடைத்துவிட்டது. இப்போது ஜாமீனில் இருக்கிறான். நன்னடத்தை (புரொபேஷன்) ஆபீசரிடம் நல்ல ரிப்போர்ட் வாங்கித் தர 25,000 ஆகும் என்கிறார் கோர்ட் வாசலில் ஒருவர். ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கினால் தண்டனை முடிந்துவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: இருவரையுமே நம்பாதீர்கள் அம்மா.

முதலில் கூட்டுகிற விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் சமூக சேவை ஒரு தண்டனைதான். ஆனால் திருட்டு வழக்கில், பொருளின் மதிப்பு 5,000-க்குக் கீழே இருந்து, முதல் தண்டனையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். உங்கள் மகன் எடுத்த போன் 9,000. எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வை என்று எழுதாமலேயே அந்தச் சட்டத்தைப் போட்டார்கள், அது வேறு கதை.

உங்களுக்கு உதவுவது 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றம் நிரூபணமான பிறகும் ஜெயிலுக்கு அனுப்பாமல், அதிகபட்சம் 3 ஆண்டு ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்கச் சொல்லலாம், போன்காரருக்கு நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லலாம். மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரலாம். 21 வயதுக்குக் கீழே என்றால், சிறைதான் சரி என்று நினைக்கும் நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டும். அதற்கு முன் பையனைப் பற்றிய அலுவலரின் அறிக்கையையும் கேட்டாக வேண்டும்.

இந்த 21-ஐ மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். போனை எடுத்த நாளில் என்ன வயது என்பது கணக்கில்லை. விசாரணை நீதிமன்றம் தண்டனையை முடிவு செய்யும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. உங்களிடம் இருப்பது 5 மாதம். அந்தக் கோர்ட் வாசல் புரோக்கர் 'பார்த்துக்கலாம்' என்று வாய்தா மேல் வாய்தா வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். 21 தாண்டினாலும் நீதிபதி நன்னடத்தையில் விடலாம். ஆனால் அது அவர் விருப்பம். வழக்கு நகராமல் கிடப்பது நம் கோர்ட்டுகளில் சாதாரணம், அதை நாமே காசு கொடுத்து இழுக்க வேண்டுமா?

அந்த ரிப்போர்ட்டைத் தயாரிப்பவர் அரசு சம்பளம் வாங்குபவர். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. சட்டப்படி அது ரகசியம், நேரே நீதிபதிக்குப் போவது. அதை முன்கூட்டியே காட்டுகிறேன் என்பவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் குற்றம் செய்கிறார். 'ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு' என்று அவசரப்படுத்துபவரிடமும் ஜாக்கிரதை. ஃபைன் கட்டினாலும் அது தண்டனைதான். அடுத்த முறை முதல் வழக்கு என்று சொல்லவே முடியாது. ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வருமானம் குறைவென்றால் 15100-க்கு போன் செய்து, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள்.

அலுவலர் உங்கள் வீட்டுக்கே வரலாம். பையன் எங்கே வேலை செய்கிறான், யாரோடு சுற்றுகிறான் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். வாடகை வீடு என்று பயப்படாதீர்கள், அவனுக்கு நிலையான வேலை இருந்தாலும் போதும். முதலாளி கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வாங்கி வைத்திருங்கள். அப்பா கடலுக்குப் போகிறவர் என்றால் அன்று ஒருநாள் கரையில் இருக்கச் சொல்லுங்கள்.