மாலையைக் கழற்றிய பிறகு யார் துணை?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஐயப்பனுக்கு மாலை போட்டால் மண்டலம் முடியும்வரை ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய வாரமே பழைய கதைதான். இந்த ஆண்டு மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை எடுத்தோம். “ஏ.ஏ. கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். விசாரித்தால், அது குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டமாம், ஒரு சர்ச் கூடத்தில் நடக்கிறதாம். “மதம் மாற்றுவார்கள், ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்” என்று போக மறுத்தார். இப்போது மறுபடி தினமும் குடிக்கிறார். சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து இருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். என்ன செய்வது?

- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தச் சாப்பாட்டு மருந்து. வேண்டவே வேண்டாம். குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்பிரம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கித் தருகிறார்கள். பெயர் தெரியாத பொடியில் என்ன இருக்கிறது என்று அக்காவுக்கும் தெரியாது. நீங்கள் பரிமாறும் சோற்றை அவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினால், அப்புறம் எந்தச் சிகிச்சைக்கும் அவரை அழைத்துப் போக முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது மாலை விஷயம். ‘அப்போது மட்டும் முடிகிறதே, மனது வைத்தால் எப்போதும் முடியாதா?’ என்று நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அந்த நாட்களில் அவர் தனியாக இல்லை என்பதைக் கவனித்தீர்களா? குருசாமி இருக்கிறார். சாயங்காலம் கால்கள் கடைப் பக்கம் திரும்பும் நேரத்தில் பஜனை இருக்கிறது. அதே விரதத்தில் இருக்கும் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். குடிக்கக் கூப்பிடும் கூட்டாளிகூட மாலையைப் பார்த்துத் தயங்குகிறான். கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. ஏ.ஏ. கூட்டம் தருவது அந்தத் துணையைத்தான், மண்டலக் கணக்கு இல்லாமல். ‘வாழ்நாளில் இனித் தொடமாட்டேன்’ என்று அங்கே சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதுதான் பேச்சு. இதை அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், காலையில், போதை இல்லாத நேரத்தில்.

மதம் மாற்றுவார்கள் என்ற பயத்துக்கு இடமில்லை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் அதற்குச் சேர்மானம் கிடையாது. மாலை நேரத்தில் காலியாக இருக்கும், வாடகை கட்டுப்படியாகும் என்பதால்தான் சர்ச் கூடங்களிலும் பள்ளிகளிலும் நடத்துகிறார்கள். குடியிலிருந்து மீள அவர்கள் வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவார். ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு அது ஐயப்பனாகவே இருக்கட்டும்.

ஊருக்குத் தெரிந்துவிடுமா? அவர் குடிப்பது ஏற்கெனவே தெருவுக்கே தெரியும். திருந்தப் போவது தெரிந்தால்தான் அவமானமா? கூட்டத்தில் முழுப்பெயரோ முகவரியோ கேட்க மாட்டார்கள். கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அங்கே எல்லோரும் மதிக்கும் வழக்கம். அப்படியும் கூச்சமென்றால் மதுரைக்குப் பஸ் ஏறட்டும், அல்லது இணையவழிக் கூட்டத்தில் சேரட்டும்.

கூட்டம் எங்கே, எப்போது என்பதைச் சிகிச்சை எடுத்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் உள்ளூர் உறுப்பினர் ஒருவரின் எண் அவரிடம் இருக்கும். போதை மீட்புக்கான கட்டணமில்லாத தேசிய உதவி எண் 14446-லும் வழி கேட்கலாம். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்திலும் பார்க்கலாம். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இடமும் கிழமையும் மாறியிருக்கலாம். பேசும்போது தமிழில் நடக்கிறதா, திறந்த கூட்டமா என்று கேளுங்கள். திறந்த கூட்டமென்றால் நீங்களும் உடன் போகலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். எல்லாவற்றையும்விட, அந்த உறுப்பினரை உங்கள் கணவரோடு ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். நாம் நூறு முறை சொல்வதைவிட, தானும் குடித்து விழுந்து எழுந்த ஒருவர் சொல்வது காதில் ஏறும்.

கட்டணம் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்கள் தாங்களாகவே பணம் போட்டுக்கொள்வார்கள். போட முடியாதவர்கள் போட வேண்டியதில்லை. சேர்க்கைப் பணம் கேட்டால் அது ஏ.ஏ. அல்ல, எழுந்து வந்துவிடுங்கள். முதல் கூட்டம் பிடிக்காமலும் போகலாம். ஒருவரே அரை மணி நேரம் பேசி நம் பொறுமையைச் சோதிக்கும் கூட்டங்களும் உண்டு! வேறு குழுவைப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம்கூட வரலாம். அதைக் கூட்டம் பார்த்துக்கொள்ளாது. நிறுத்தும் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள்.

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே ஆல்-அனான் என்ற குழு 1951 முதல் இருக்கிறது. போன் செய்யும்போது அதன் கூட்டம் அருகில் எங்கே நடக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.