பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் வீட்டின் மேல் சாய்ந்திருக்கிறது. உரிமையாளர் வெட்ட மறுக்கிறார். என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் வழக்கறிஞராகப் பணிபுரிவதால், தேங்காயும் மட்டையும் விழுந்து ஓடு உடைகிறது என்ற முறையீட்டோடு வருபவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது மரத்தை அடியோடு வெட்டுவதற்கான வழியை; உண்மையில் அவர்களுக்குத் தேவைப்படுவதோ தலைக்கு மேலுள்ள ஆபத்து நீங்குவதுதான். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதித் தகராறு குறைந்துவிடும்.

முதலில் மரம் யாருடையது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து அன்று, அடிமரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதை வைத்தே உரிமை தீர்மானிக்கப்படுகிறது. சுற்றுச்சுவரையே எல்லை என்று நம்பிவிட வேண்டாம். பட்டாவையும் நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்துப் பார்த்து, ஐயம் இருந்தால் கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பித்து, சர்வேயர் அளக்கும்போது அண்டை வீட்டாரும் உடன் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அடிமரம் எல்லைக்கோட்டின் மேலேயே நின்றால் அது பொதுவாக இருவருக்கும் உரிய மரமாகவே கருதப்படும்; ஒருவர் மட்டும் முடிவெடுத்து வெட்ட முடியாது.

நம் எல்லைக்குள் நீளும் கிளையை நம் பக்கத்தில் நின்றே வெட்டிக்கொள்ளலாம் என்பது பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் நெறி. 1894இல் அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அளித்த லெம்மன் எதிர் வெப் தீர்ப்பு அதை உறுதி செய்தது. வேம்புக்கும் மாவுக்கும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சியோடு சுவர் தாண்டி வரும் முருங்கைக்கும் இது பொருந்தும். தென்னைக்கு இது உதவாது. அதற்குக் கிளை இல்லை; உச்சியில் இருக்கும் ஒரே குருத்தை வெட்டினால் மரமே பட்டுப்போகும். அதாவது, உங்கள் பக்கம் சாய்ந்த பகுதியை மட்டும் நீக்குவது என்பது நடைமுறையில் அவருடைய மரத்தைக் கொல்வதாகவே முடியும். காய்க்கும் தென்னையை இழக்க அவர் மறுப்பதில் எனக்கு வியப்பில்லை. விழும் தேங்காயும் அவருடையதே என்பதால், அதை எடுத்து வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிடுவது உங்கள் நிலையை வலுவாக்கும்.

நான் முதலில் பரிந்துரைப்பது வேறொரு கோரிக்கை. ஒவ்வொரு பறிப்பின்போதும், அதாவது 45 முதல் 60 நாள்களுக்கு ஒருமுறை, மரம் ஏறுபவரைக் கொண்டு முற்றிய காய்களோடு காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை ஆகியவற்றையும் இறக்கிவிட வேண்டும். சாய்வு அதிகமாக இருந்தால் எதிர்ப்புறத்தில் இரும்புக் கம்பி கட்டி இழுத்து நிறுத்த வேண்டும். இதை எழுத்தில் கேளுங்கள். செலவில் ஒரு பங்கை ஏற்கவும் முன்வாருங்கள். சட்டப்படி அந்தப் பொறுப்பு உங்களுக்கு இல்லாவிட்டாலும், மறுப்பவர் இறங்கி வருவதற்கு அது பெரிதும் உதவுகிறது.

அதற்கும் இணங்காமல், மரம் விழக்கூடிய நிலையிலும் இருந்தால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். விழுந்து அக்கம்பக்கத்தாருக்குக் காயம் விளைவிக்கக்கூடிய மரத்தைப் பற்றி உத்தரவிடும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இருக்கிறது. மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுத்து நிறுத்தவோ உத்தரவிடலாம் என்று அந்தப் பிரிவே கூறுவதால், கம்பி கட்டும் கோரிக்கையையும் மனுவில் சேர்த்து எழுதுங்கள். அடிமரத்தில் பொந்து, வேர்ப்பகுதியில் மண் அரிப்பு, சாய்வு ஆகியவற்றின் படங்களைத் தேதியோடு இணையுங்கள். ஆபத்துக்குச் சான்று இல்லாத மனு வெறும் சொந்தப் பகையாகத் தள்ளப்பட்டுவிடும். சாய்ந்திருப்பது பனையாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது.

உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையும் இழப்பீடும் கோரலாம்; ஆனால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்கு முன் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகி, லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுங்கள். அங்கு ஏற்பட்ட உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை மரம் ஏறுவது, கூலி யார் கொடுப்பது, ஓடு உடைந்தால் யார் மாற்றித் தருவது, வீட்டை விற்றால் வாங்குபவருக்கு இந்த ஏற்பாட்டைத் தெரிவிப்பது யார் பொறுப்பு என்பவை அனைத்தையும் அந்த உடன்பாட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.