உள்நாட்டு விமானத்தில் சாப்பாடு கொடுப்பார்களா? எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வியை ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள், யாரோடு போகிறீர்கள் என்று எழுதவில்லை. தனியாகப் போகும் இளவட்டங்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. பசித்தால் இறங்கிய இடத்தில் சாப்பிட்டுக்கொள்வார்கள். அதனால் வயதான அம்மாவையோ மாமியாரையோ கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று நானே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டங்கள் இருந்த ஊர், இப்போது ரப்பர் போய் பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப்பனை). இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் கேன்டீன் நடத்துகிறேன். தினமும் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் என்பதால் சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு, லங்காவி, ஜொகூர் பாரு மாதிரி ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். மேலே ஏறி பெல்ட் விளக்கு அணைந்ததிலிருந்து மறுபடி இறங்கத் தொடங்கும்வரை அந்தப் பணியாளர்களுக்குக் கிடைப்பதே கொஞ்ச நேரம்தான். டிக்கெட்டோடு உணவும் சேர்ந்த விமானமாக இருந்தால் கடலையோ பிஸ்கட்டோ ஒரு சின்னப் பொட்டலமும் ஒரு கப் ஜூஸும் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் சரவாக்கில் உள்ள கூச்சிங் ஒன்றே முக்கால் மணி நேரம், சபாவில் உள்ள கோத்தா கினபாலு இரண்டரை மணி நேரம். அந்த மாதிரிப் பயணத்தில், உணவு சேர்ந்த டிக்கெட் என்றால், வேளையைப் பொறுத்து சூடாக ஏதாவது எதிர்பார்க்கலாம். மலிவு விமானம் என்றால் குடிக்கும் தண்ணீர் உட்பட எல்லாம் காசு. (தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் 'உள்நாட்டு'ப் பயணத்துக்கு நடுவே தென் சீனக் கடலே கிடக்கிறது. தீபகற்பத்து ஆட்கள் சபாவில் இறங்கினால் குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும்.)

இவ்வளவுதான் பதில் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் என் அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் என் மகளுக்குக் கோத்தா கினபாலுவில் உள்ள சபா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பேத்தியைத் தானே கொண்டுபோய் விட வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். அப்போது அவருக்கு 72 வயது, சர்க்கரை நோய் வேறு. எங்கள் மூன்று பேருக்கும் ஊரில் ஒரு பயண முகவரிடம் டிக்கெட் எடுத்தேன். கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் சாப்பாடு சேர்ந்தது. "பாட்டி வராங்க இல்ல, சாப்பாடு இருக்கறதே எடுத்துக்கங்க" என்று அவர்தான் சொன்னார். பயண நாள் சனிக்கிழமை. புரட்டாசி சனிக்கிழமை. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விடியற்காலை 4 மணிக்குத் தம்பியின் வேனில் கிளம்பினோம். இந்த இடத்தில் 'சர்க்கரை உள்ளவரை ஏன் பட்டினியோடு கூட்டிப் போனாய்' என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். பட்டினியோடு போகவில்லை. தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, வீட்டில் அவித்து எடுத்துப்போன இட்லியை எடுத்து வைத்தேன். அம்மா இரண்டு சாப்பிட்டார். மாத்திரையை மட்டும் போடவில்லை. "வெறும் ரெண்டு இட்லிக்கு எதுக்கு, பிளேன்ல சோறு தருவாங்கன்னு சொன்னியே, அப்பப் போட்டுக்கறேன்" என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன்.

விமானம் கிளம்பியது 11 மணிக்குப் பக்கத்தில். எங்கள் இருக்கை பின்வரிசையில். முன்னால் அடுப்பில் சூடாக்கும் வாசனை வந்ததுமே அம்மா கைப்பையைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் போடச் சொல்லியிருந்த மாத்திரை அது. தள்ளுவண்டி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: ஆயாமா, ஈக்கானா? கோழியா, மீனா? சைவம் கேட்டேன். முன்கூட்டியே கேட்டவர்களுக்கு மட்டும்தான் ஏற்றுவோம், கூடுதலாக ஒன்றும் இல்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தட்டில் இருந்த பன்னையும் வெண்ணெயையும் பழத் துண்டுகளையும் மட்டும் தனியாக எடுத்துத் தந்தார். அம்மா அந்தப் பன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே முட்டை பூசின மாதிரி பளபளப்பு. "இதுல முட்டை இருக்கா கேளு" என்றார். அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. அம்மா பன்னை மறுபடி உறைக்குள் வைத்தார். பழம், மீன் இருந்த அதே தட்டில் இருந்தது என்பதால் அதையும் தொடவில்லை. "விடுமா, இறங்கிச் சாப்பிட்டுக்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

என் அம்மா 30 வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். இருட்டிலேயே எழுந்து, பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது) நின்று, தீம்பாருக்கு, அதாவது ரப்பர் காட்டுக்குப் போய், முதல் சுற்று மரம் சீவி முடித்து, பத்து மணிவாக்கில் மரத்தடியில் உட்கார்ந்துதான் பசியாறுவார். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் கூடப் போவேன். ஒட்டுப்பால் நாற்றம் போகாத கையோடு தூக்கில் இருக்கும் சோற்றை எனக்குப் பாதி பிரித்து வைப்பார். பசிக்கிறது என்று அவர் வாயால் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை. என் மகள்தான் "அம்மா, பாட்டி கை ஏன் ஆடுது?" என்றாள். முட்டியின் மேல் வைத்திருந்த கை விரல் விரலாக நடுங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் குளிர்ந்த வியர்வை. கழுத்துச் சேலை நனைந்திருந்தது.

மணியை அழுத்தினேன். அந்தப் பெண் ஓடி வந்து நடைபாதையில் மண்டியிட்டு, ஆரஞ்சு ஜூஸில் இரண்டு சர்க்கரைப் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கி, "மினும் டுலு, ஆன்ட்டி" என்று கையைப் பிடித்துக் குடிக்க வைத்தார். முதலில் குடியுங்கள் என்று அர்த்தம். பத்து, பதினைந்து நிமிடத்தில் நடுக்கம் அடங்கியது. இறங்குவதற்குள் இன்னும் இரண்டு முறை வந்து பார்த்தார். அவரை நான் மறக்க மாட்டேன், அதனால் பணியாளர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டியில் ஏற்றாத சாப்பாட்டை அவர் எங்கிருந்து கொடுப்பார்?

இதுதான் நான் சொல்ல வருவது. விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. எல்லாம் தரையில் பெரிய சமையல் கூடத்தில் ஆக்கி, வேகமாகக் குளிர வைத்து, கணக்குப் பார்த்து ஏற்றுவது. மேலே அடுப்பில் சூடு மட்டும்தான். உங்கள் அம்மா என்ன சாப்பிடுவார் என்பது பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் கிடைக்காது. நம் பெரியவர்கள் கேட்கவும் மாட்டார்கள், அவர்களுக்காக நாம்தான் முன்னதாகக் கேட்டு வைக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதை அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். விமான நிறுவனங்களுக்குப் பொதுவாக நாலு எழுத்துக் குறியீடுகள் இருக்கின்றன. ஏவிஎம்எல் என்றால் நம் பக்கத்துச் சமையல் முறையில் சைவம். புரட்டாசி, வெள்ளிக்கிழமை பார்ப்பவர்களுக்கு அதுதான் சரி. விஎல்எம்எல் என்பதும் சைவம் என்றுதான் இருக்கும், ஆனால் அதில் முட்டை வரும். விஜிஎம்எல்லில் பால், தயிர்கூட இருக்காது. மாட்டிறைச்சி மட்டும் ஆகாது, மற்றபடி கறி, மீன் சாப்பிடுவோம் என்றால் எச்என்எம்எல். எங்கள் நாட்டு விமானங்களில் ஹலால் சாப்பாடு என்பதால் பன்றி இருக்காது என்று நிம்மதியாக இருப்போம், மாட்டை மறந்துவிடுவோம். பட்டியலில் 'டாகிங்' (மலாயில் இறைச்சி) என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் மாடுதான். டிக்கெட் எடுக்கும்போதே இந்தக் குறியீட்டைப் போடச் சொல்லுங்கள், போட்டது அச்சில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். முகவர் 'போட்டாச்சு' என்று சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள். எல்லா உள்நாட்டுப் பயணத்திலும் இந்த வசதி இருக்காது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பி வந்தது மலிவு விமானத்தில், நானும் அம்மாவும் மட்டும். மகள் ஹாஸ்டலில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே சைவச் சோறு ஒன்றை முன்பதிவு செய்து தந்தாள். முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் முதலில் வந்தது. மேலே வாங்குவதைவிட விலையும் குறைவு. கடலுக்கு மேலே மேகத்தில் விமானம் குலுங்கியதும் வண்டியைப் பாதியில் நிறுத்தி, பணியாளர்களும் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வாங்கக் காத்திருந்தவர்கள் ரொம்ப நேரம் காத்திருந்தார்கள். அம்மா அதற்குள் சாப்பிட்டு முடித்திருந்தார். மலிவு விமானத்தை மட்டமாகப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. 2001-இல் கடனில் கிடந்த ஏர் ஏசியாவைப் புது முதலாளிகள் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்) வாங்கி டிக்கெட் விலையைக் குறைத்த பிறகுதான் எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்கள் விமானத்தில் ஏறவே ஆரம்பித்தோம். சாப்பாட்டையும் அவர்கள் சந்தான் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். மலாயில் தேங்காய்ப்பால் என்று பொருள். பாக் நாசர் நாசி லெமாக் என்று அதில் ஒன்று, தேங்காய்ப்பாலில் ஆக்கிய சோறு, பெட்டியைத் திறந்தாலே வாசனை வரும்.

நாசி லெமாக் என்றதும் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். என் கேன்டீனில் ஒரு பொட்டலம் 1 வெள்ளி 50 காசு. நெத்திலி, எண்ணெய், முட்டை எல்லாம் ஏறிய பிறகு 30 காசு ஏற்றிக்கொள்ளக் கேட்டேன். பெற்றோர் கூட்டத்தில் என்னைத் திருடி மாதிரி நிற்க வைத்தார்கள். 'பிள்ளைகள் வயிற்றில் அடிக்கிறாய்' என்று கேட்டவர் குடும்பத்தோடு லங்காவி போனபோது மேலே அதே நாசி லெமாக்கைப் பத்து மடங்கு விலைக்கு வாங்கிப் படம் எடுத்துப் போட்டார். அவர் வாங்கியது தப்பில்லை. காலை 3 மணிக்கு எழுந்து தேங்காய் துருவுகிற ஒருத்தியின் 30 காசு மட்டும் ஏன் அவ்வளவு உறுத்துகிறது என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. சரி, அதை விடுவோம்.

சுவையைப் பற்றி இன்னொன்று. விமானச் சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமைத்தவரை மட்டும் திட்டக்கூடாது. உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல்தான் வைத்திருப்பார்கள். கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சி 2,031 மீட்டர், அதாவது 6,700 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதன் மேலே உட்கார்ந்து சாப்பிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்றும் ரொம்ப வறண்டது, மூக்கு காய்ந்துவிடும். உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கித் தெரியும். அம்மா அந்தச் சைவச் சோற்றை "உப்பே இல்ல" என்றார், நான் ருசி பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது. மீதி இருந்ததை இறங்கியபின் சாப்பிட்டுப் பார்த்தால் உப்பு சரியாகத்தான் இருந்தது. அழுத்தம் குறைவதால் வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் விரியும். ஏறுவதற்கு முன் சுண்டல், பருப்பு வடை, கோலா பானம் எல்லாம் பெரியவர்களுக்கு வேண்டாம்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே பிரிக்கக்கூடாது என்று சில நிறுவனங்கள் நிபந்தனை வைத்திருக்கின்றன. அதை மீறச் சொல்லவில்லை. காத்திருக்கும் கூடத்தில், ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நன்றாகச் சாப்பிட வைத்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஏறும்போதே பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி, கைப்பையில் இனிப்பு பிஸ்கட்டோ கற்கண்டோ வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தட்டு கைக்கு வராமல் போட வேண்டாம். எந்த மாத்திரை எப்போது என்பதை உங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்வதுதான் சரி, நான் டாக்டர் இல்லை.

இந்த வருடம் மகளின் பட்டமளிப்பு விழா. அம்மாவுக்கு 75 ஆகிவிட்டது, வருகிறேன் என்கிறார். இந்த முறை டிக்கெட்டை நானே எடுத்தேன். எந்த நிறுவனம், எத்தனை மணி விமானம் என்று நீங்கள் கீழே எழுதினால், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.