யாரும் உட்காராத பூங்கா

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கொங்குப் பகுதியின் ஒரு சிறு நகரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஐம்பது சென்ட் நிலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. எட்டு வடிவ நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், நீரூற்று, ஊர்ப் பெயருக்கு முன்னால் சிவப்பு இதயம் வைத்த செல்ஃபி பாயிண்ட் எல்லாம் உண்டு. காலை 5 முதல் 8 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கும். வாசல் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. பேருந்து நிலையத்தைப் பார்த்த பக்கம் இரண்டடிச் சுவரும் அதன்மேல் கூர்முனை வைத்த கிரில்லும்தான். காலையில் நடக்க வருகிறவர்களைத் தவிர யாரும் உள்ளே போவதில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் எதிரே பூட்டிக்கிடக்கும் கடைகளின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் மக்களுக்குப் பொது இடத்தின் அருமை தெரியவில்லை என்கிறார் நண்பர். குடிகாரர்களும் காதல் ஜோடிகளும் வருகிறார்கள் என்று மரத்தடியில் இருந்த இரண்டு பெஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். மிச்சம் எட்டு இருக்கின்றன. அடுத்ததாகப் பத்து ரூபாய் நுழைவுக் கட்டணம் வைக்கப் பேச்சு நடக்கிறது. இது சரியா? நல்ல பொது இடத்துக்கு என்று ஏதேனும் இலக்கணம் உண்டா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

பூட்டிய கடையின் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் நண்பருக்குப் பதில் சொல்லிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு உட்கார வேண்டும், வண்டி வருவது கண்ணில் பட வேண்டும், எழுந்து ஓட வழி வேண்டும். இந்த மூன்றும் படிக்கட்டில் கிடைக்கின்றன. பூங்காவில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதில் மக்களின் பண்பாட்டைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இலக்கணம் உண்டா என்று கேட்கிறீர்கள். அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் தெருவில் கேமராவோடு உட்கார்ந்த கதையைச் சொல்கிறேன். நியூயார்க் நகரம் 1961இல் தன் கட்டட விதிகளைத் திருத்தியபோது, கட்டடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விடும் நிறுவனங்களுக்குச் சலுகை ஒன்றை அளித்தது. அடர்த்தியான பகுதிகளில் ஒரு சதுர அடி திறந்தவெளிக்கு ஈடாகப் பத்து சதுர அடி வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். நிறுவனங்கள் விடுமா? வானளாவிய கட்டடங்கள் எழும்பின, அவற்றின் காலடியில் கருங்கல் முற்றங்களும் வரிசையாக வந்தன. அவற்றில் பெரும்பாலானவை வெறிச்சோடிக் கிடந்தன. சில முற்றங்களில் மட்டும் மதிய வேளையில் இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம். ஏன் இந்த வேறுபாடு என்று வில்லியம் ஒயிட் என்ற பத்திரிகையாளர் 1970களில் தன் குழுவோடு ஆராயத் தொடங்கினார். கட்டடக் கலைஞர்களைப் பேட்டி காண்பதற்குப் பதிலாகக் கேமராக்களை மாடியில் பொருத்தி, யார் எங்கே உட்கார்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எப்போது எழுந்துபோகிறார்கள் என்று படமெடுத்து எண்ணினார்.

வெயில் காரணமாக இருக்கலாம், இடத்தின் வடிவம் காரணமாக இருக்கலாம், பரப்பளவு காரணமாக இருக்கலாம் என்றெல்லாம் பார்த்து, ஒவ்வொன்றும் பாதி விளக்கத்தோடு நின்றுவிட, கடைசியில் அவர் வந்து சேர்ந்த முடிவு கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரவழைக்கக்கூடியது: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்கார்கிறார்கள். சிரிப்பு வந்தாலும், இந்தச் சாதாரண உண்மையை ஏற்று நகரம் தன் விதியை மாற்ற 1975 ஆயிற்று. திறந்தவெளியின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓரடி நீள இருக்கை இருக்க வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொன்னது.

உங்கள் பூங்காவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐம்பது சென்ட் என்பது 21,780 சதுர அடி. முப்பதால் வகுத்தால் 726 அடி நீள இருக்கை வருகிறது. எட்டு பெஞ்சுகள், ஒவ்வொன்றும் ஐந்தடி என்று வைத்தால் உங்களிடம் இருப்பது 40 அடி. கல் பாவிய முற்றங்களுக்கான விதியைச் செடியும் புல்லும் உள்ள பூங்காவுக்கு அப்படியே பொருத்துவது கறாரான கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். பாதியாகக் குறைத்தாலும் நிலைமை மாறப்போவதில்லை. ஆனால் 726 அடிக்கும் பெஞ்சு வாங்கிப் போட வேண்டும் என்று பொருளில்லை. படிக்கட்டு, மரத்தைச் சுற்றிய மேடை, செடித்தொட்டியின் விளிம்பு, குட்டைச் சுவர் எல்லாமே இருக்கைதான். ஓரடியிலிருந்து மூன்றடி வரை உயரமுள்ள எதன்மீதும் மக்கள் உட்கார்வதை ஒயிட் பார்த்தார். சுவரின் அகலம் இரண்டரை அடிக்குக் குறையாமல் இருந்தால் இருபுறமும் முதுகுக்கு முதுகாக உட்கார முடியும்.

இப்போது அந்தக் கூர்முனைக் கிரில்லைப் பற்றிப் பேசலாம். இரண்டடிச் சுவர் என்பது உட்காருவதற்கு ஏற்ற உயரம். கட்டியவர்கள், தெரியாமலேயே, பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே தெரு நீளத்துக்கும் ஓர் இருக்கையைக் கட்டிவிட்டார்கள். பிறகு அதன்மேல் இரும்பு ஈட்டிகளை நட்டு அதைக் கெடுத்தார்கள். கிரில்லை அறுத்தெடுத்துச் சுவரின் மேற்பரப்பை அகலப்படுத்தி வழவழப்பாகப் பூசினால், இன்று கடைப் படிக்கட்டில் ஒடுங்கியிருப்பவர்கள் நாளைக்கே அங்கே வந்து அமர்வார்கள். அப்படி அமர்பவர்களில் சிலர் திரும்பி உள்ளே பார்ப்பார்கள், சிலர் உள்ளே போவார்கள்.

நம்மிடமும் இப்படிப் பரப்பளவை மட்டும் அளக்கிற சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலைகள் போக மிச்ச நிலத்தில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும், ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலம் என்று பத்திரத்திலும் பேச்சிலும் அடிபடுவது இதுதான். நல்ல விதி, அது இல்லையென்றால் பல ஊர்களில் ஒரு சென்ட்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் நிலம் கைக்கு வந்த பிறகு அங்கே ஒரு மனிதர் என்ன செய்ய முடிய வேண்டும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கம்பிவேலி போட்டு, பெயர்ப்பலகை நட்டு, திறப்பு விழா நடத்தினால் கணக்கு முடிந்தது.

கட்டணத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. பத்து ரூபாய் பெரிய தொகை இல்லையே என்பார்கள். பேருந்து வரப் பத்து நிமிடம் இருக்கிறது, சற்று நிழலில் உட்காரலாம் என்று நினைக்கிறவரைத் தடுத்து நிறுத்த அந்தப் பத்து ரூபாய் போதும். நூற்றுக்கணக்கில் செலவழித்துக் குடிக்க வருகிறவரை அது தடுக்காது. அவர் தேடுவது ஆளில்லாத, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தை. கட்டணம் வைத்து மற்றவர்களைத் துரத்தினால் அவருக்கு வேண்டியதை நீங்களே செய்துகொடுத்தவர்கள் ஆவீர்கள்.

இது வெறும் ஊகம் அன்று. நியூயார்க்கின் பொது நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பிரையன்ட் பூங்கா 1930களில் புதுப்பிக்கப்பட்டபோது, தெருவின் இரைச்சலிலிருந்து ஒதுங்கிய அமைதியான தோட்டமாக இருக்க வேண்டும் என்று அதைத் தெருமட்டத்துக்கு மேலே உயர்த்தி, இரும்பு வேலியும் உயரமான செடிவேலியும் வைத்தார்கள். வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது. உள்ளே நடப்பது வெளியே தெரியாததால் 1970களில் அது போதைப்பொருள் விற்பவர்களின் கைக்குப் போயிற்று. காவல்துறையின் கெடுபிடி மட்டும் அதை மீட்கவில்லை. ஒயிட்டின் ஆலோசனை மிகவும் எளிமையாக இருந்தது: மறைப்புகளை எடுங்கள், வழிகளைப் பெருக்குங்கள். பூங்காவை மூடிப் பல ஆண்டுகள் வேலை செய்து, செடிவேலியை வெட்டி, நுழைவாயில்களைக் கூட்டி அகலமாக்கி, எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போட்டுக்கொள்ளக்கூடிய லேசான நாற்காலிகளை இறைத்து 1992இல் திறந்தார்கள். இன்று மதிய வேளையில் அங்கே நாற்காலி கிடைப்பது கஷ்டம். அதை நடத்துவது ஒரு தனியார் அமைப்பு என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை; பொது இடத்தின் சாவி அப்படிப்பட்ட அமைப்பிடம் இருப்பது வேறு சிக்கல்களைக் கொண்டுவரும். வடிவமைப்பு குறித்த பாடம் அதனால் பொய்யாகிவிடாது.

வேண்டாதவர்களுக்கு அஞ்சிச் செய்கிற ஏற்பாடுகளே ஓர் இடத்தைக் கெடுக்கின்றன என்பது ஒயிட் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். ஓர் இடம் நன்றாக இருக்கிறதா என்று அறிய அவர் வைத்திருந்த அளவுகோல் ஒன்று உண்டு. அங்கே இருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது. எங்கே உட்காருவது என்பதைப் பெண்கள் பார்த்துப் பார்த்துத் தேர்கிறார்கள். அவர்களின் விகிதம் குறைந்தால் இடத்தில் ஏதோ கோளாறு என்று பொருள். காதல் ஜோடிகள் என்று உங்கள் ஊரில் சொல்லப்படுகிறவர்களையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்ப்பேன். ஒரு பெண் வீட்டாருக்குத் தெரியாமலோ தெரிந்தோ ஒருவனோடு உட்கார்ந்து பேசும் அளவுக்கு அந்த மரத்தடியைப் பாதுகாப்பானதாக நினைத்திருக்கிறாள். அந்தப் பெஞ்சை அல்லவா எடுத்திருக்கிறார்கள்!

பூங்காவுக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது முக்கியம் என்று 1961இல் எழுதியவர் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரை 1682இல் திட்டமிட்டபோது வில்லியம் பென் நடுச்சதுக்கம் ஒன்றையும் அதைச் சுற்றி நான்கு சதுக்கங்களையும் ஒதுக்கினார். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு, நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். ஆனால் ரிட்டன்ஹவுஸ் சதுக்கம் நாள் முழுவதும் ஆளோடு இருந்தது. வாஷிங்டன் சதுக்கத்தை நல்லவர்கள் அஞ்சி ஒதுக்கிய ஒரு காலம் இருந்தது. முதலாவதைச் சுற்றி வீடு, கடை, உணவகம், பள்ளி, அலுவலகம் எல்லாம் கலந்திருந்ததால் காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொன்று, மாலையில் வேறொன்று என்று வந்துகொண்டே இருந்தது. இரண்டாவதைச் சுற்றி அலுவலகங்கள் மட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போனார்கள். உங்கள் பூங்காவுக்கு வாய்த்த இடமோ பேருந்து நிலையத்தின் எதிர்ப்புறம். அதிகாலைப் பூ வியாபாரியிலிருந்து இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புகிற மில் தொழிலாளி வரை அந்த வழியாகப் போகிறார்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதன் வாசலைச் சந்துக்குள் வைத்து, நிழல் மிகவும் தேவைப்படுகிற காலை எட்டு முதல் மாலை நான்கு வரை பூட்டிவைப்பது, ஜவுளிக்கடையைத் தீபாவளிக்கு முந்தின வாரம் மூடிவைப்பதற்குச் சமம்.

நியூயார்க்காரர்கள் குளிரில் வெயிலைத் தேடி உட்கார்கிறார்கள். நமக்கு வேண்டியது நிழல். இந்த இடத்தில் மட்டும் அவர்களின் இலக்கணத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். கருங்கல் பெஞ்சு சித்திரை மாதத்து மதியத்தில் உட்காரக் கூடியதாக இருக்காது, அது எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும். புங்கமும் வேம்பும் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பெஞ்சைப் போட வேண்டும்.

நம் மக்களுக்குத் தெரியவில்லை என்ற பேச்சு உலகெங்கும் இருந்திருக்கிறது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் பிரதான கடைவீதியை 1962இல் வாகனங்களுக்கு மூடியபோது, தெருவில் உலாவுவது இத்தாலியர் பழக்கம், குளிர்நாட்டுக்காரர்களான நமக்கு ஒத்துவராது என்றுதான் அங்கும் சொன்னார்கள். நம்மூரில் மெரினாவுக்கு ஒரு மாலை போய்ப் பார்த்தால் போதும். வேலி இல்லை, கட்டணம் இல்லை, சுண்டல் கிடைக்கிறது, மணல் முழுவதுமே இருக்கை. மதுரையில் வாகனம் விடாத சித்திரை வீதிகளில் மாலையானால் குடும்பம் குடும்பமாகத் தரையிலேயே அமர்கிறார்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலப்படுத்தி இருக்கைகள் போட்ட பிறகு, எதுவும் வாங்காமலே அங்கே வந்து உட்காருகிறவர்கள் உண்டு. மக்களுக்குத் தெரியும்.

இந்த விஷயம் வந்தாலே திண்ணையை நினைத்து உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். திண்ணை நல்ல ஏற்பாடுதான், ஆனால் யார் யார் அதில் உட்கார முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோயிலைச் சுற்றிய பொதுத் தெருவில் நடப்பதற்கே 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. எவரும் எவரிடமும் கேட்காமல், எதையும் வாங்காமல், இன்னார் என்று சொல்லிக்கொள்ளாமல் உட்காரக்கூடிய இடம் நமக்கு முன்னோர் விட்டுச்சென்ற சொத்து அன்று. நுழைவுச்சீட்டை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு இதுவும் காரணம்.

நடைமுறைக்கு வருவோம். 2022இல் வந்த விதிகளின்படி நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபையும் இருக்க வேண்டும். உங்கள் பகுதி சபையில் எழுத்து மூலமாக இவற்றைக் கேளுங்கள்: பேருந்து நிலையப் பக்கம் ஒரு வாசல், காலை முதல் இரவு வரை திறப்பு, கிரில் அகற்றம், மரத்தடி இருக்கைகள், எப்போதும் திறந்திருக்கிற, தண்ணீர் வருகிற கழிப்பறை. வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடையையும் ஒரு பூக்காரம்மாவையும் அனுமதிக்கச் சொல்லுங்கள். சம்பளமில்லாத காவலர்கள் அவர்களே. நீரூற்று ஓடினால் ஓடட்டும், ஓடாவிட்டாலும் குறையில்லை.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, ஆசிரியராக இருந்தவருக்கு அது கைவந்த கலை. பழைய மாணவர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் கணக்கெடுங்கள்: மணிக்கொரு முறை பூங்காவில் எத்தனை பேர், கடைப் படிக்கட்டுகளில் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், முதியவர்கள் எத்தனை பேர். அந்தத் தாளைத் தீர்மானப் புத்தகத்தில் இணைக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள்.

அன்புடன்.