பேய்ப் படமா, இல்லையா? ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பற்றி வாசகர் கேள்விகள்

கியர்மோ டெல் டோரோ இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 2025 நவம்பர் 7 முதல் நெட்ஃபிளிக்ஸில் ஓடுகிறது. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவல்தான் மூலம். மதுரைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் உருகியவர்களும் உண்டு, கடுப்பானவர்களும் உண்டு. பதில்களில் முடிவு வரை கதை வருகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்குத் திரும்பலாம்.

பேய்ப் படம்னு சொன்னாங்க. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு குடும்பத்தோட உட்கார்ந்தோம். ரெண்டரை மணி நேரத்துல ஒரு இடத்துலகூட தூக்கிவாரிப் போடல. ஏமாத்திட்டாங்களா சார்? (வாசகர், செல்லூர்)

ஏமாற்றவில்லை. ஒட்டிய லேபிள்தான் தப்பு. நம் ஊர்ப் பேய்க்கு ஒரு பூர்வீகம் உண்டு. அகாலமாகச் செத்திருக்கும், ஆசை தீராமல் அலையும், அதற்கென்று ஒரு புளியமரமும் ஒரு உச்சிவேளையும் இருக்கும். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனால் பெயரைச் சொல்லும், என்ன வேண்டும் என்றும் சொல்லும். இந்தக் கதையில் விக்டர் என்ற விஞ்ஞானி செய்து உயிர் கொடுத்த உருவத்துக்குப் பெயரே கிடையாது. அது செத்துத் திரும்பிய ஒருவனும் இல்லை, பல பிணங்களைச் சேர்த்துத் தைத்த புது ஆள். படத்தின் தலைப்பு அந்த உருவத்தின் பெயரென்று நினைத்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது விக்டரின் குடும்பப் பெயர்.

நாவலிலும் திடுக்கிடல் குறைவுதான். நவம்பர் மாத மழை இரவில், ஒரு மணிக்கு, மெழுகுவத்தி தீரும் நேரத்தில் மங்கிய மஞ்சள் கண் ஒன்று திறக்கும். பிறகு விக்டரின் படுக்கைத் திரையை விலக்கிக்கொண்டு அது நிற்கும். மற்றபடி புத்தகம் முழுக்க வழக்காடல். ‘என்னைச் செய்தாய், ஏன் கைவிட்டாய்?’ என்று செய்யப்பட்டவன் செய்தவனைக் கேட்கிறான். படம் அந்த வழக்கைத்தான் எடுத்துக்கொண்டது. பயம் வேண்டுமென்றால் தொடக்கத்தில் பனியில் சிக்கிய கப்பலின் மாலுமிகளை அந்த உருவம் தூக்கி வீசும் காட்சியும், பிற்பாதியில் ஓநாய்கள் வரும் காட்சியும் உண்டு. அவ்வளவே.

நாவலைப் படித்தவர்கள் ‘எல்லாத்தையும் மாற்றிவிட்டார்’ என்கிறார்கள். படிக்காதவர்கள் ‘அழ வைத்துவிட்டார்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி? (வாசகி, திருமங்கலம்)

இரண்டும் சரி. மாற்றியதால்தான் அழ வைக்க முடிந்தது.

முதலில் வெளிமாற்றங்கள். நாவல் நடப்பது 18-ஆம் நூற்றாண்டில், படம் 1857-இல். கிரிமியப் போரை ஒட்டிய காலம் என்பதால் விக்டருக்குப் போர்க்களப் பிணங்கள் கிடைக்கின்றன. கதைக்கு இது நல்ல வசதி. நாவலில் பிணவறையையும் கல்லறையையும் சுற்றியே அவன் சேர்க்க வேண்டியிருந்தது. நாவலில் விக்டரைப் பனிக்கடலில் காப்பாற்றி அவன் கதையைக் கேட்கும் கப்பல் தலைவன் வால்டன், அதைத் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதுவான். படத்தில் அவனுக்குப் பதில் டென்மார்க்கின் ஆண்டர்சன், கடிதம் இல்லை. விக்டரின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் ஆயுத வியாபாரி ஹார்லாண்டர் (கிறிஸ்டோஃப் வால்ட்ஸ்) நாவலில் கிடையாது. விக்டரின் நண்பன் க்ளெர்வலும் வேலைக்காரப் பெண் ஜஸ்டினும் படத்தில் கிடையாது. நாவலில் விக்டருக்கு நிச்சயித்த எலிசபெத், படத்தில் தம்பி வில்லியமுக்கு நிச்சயித்தவள்.

இனி உள்மாற்றம். நாவலின் விக்டருக்குக் குழந்தைப் பருவம் பொற்காலம், அப்பா தங்கமான மனிதர். படத்தின் அப்பா பிரம்பெடுக்கும் டாக்டர். பாடம் தப்பினால் பையன் முகத்தில் அடி விழும். அப்பா மகனை அடித்தார், மகன் தான் உண்டாக்கியவனை அடிக்கிறான் என்று ஒரு காரணச் சங்கிலி கிடைத்துவிடுகிறது.

அடுத்தது கொலைக் கணக்கு. நாவலில் அந்த உருவம் சின்னப் பையன் வில்லியமைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறது. அவன் கழுத்திலிருந்த அம்மாவின் சிறு படத்தை எடுத்துப்போய், வைக்கோலில் தூங்கும் ஜஸ்டினின் உடைக்குள் செருகுகிறது. கொலைப்பழி அவள்மேல் விழுந்து, அவளைத் தூக்கிலிடுகிறார்கள். பிறகு க்ளெர்வல், கல்யாண இரவில் எலிசபெத். அத்தனையும் தெரிந்தே செய்தவை. படத்தில் எலிசபெத் சாவது விக்டரின் குண்டில். வில்லியம் கைகலப்பில் அடிபட்டுச் சாகிறான், சாகும்போது ‘நீதான் அரக்கன்’ என்று அண்ணனைப் பார்த்துச் சொல்கிறான். அந்த உருவம் சூழ்ச்சி செய்து கொன்றதாக ஒரு சாவுகூட இல்லை. முடிவில் விக்டர் மன்னிப்புக் கேட்கிறான், அது மன்னிக்கிறது. நாவலில் மன்னிப்பே கிடையாது. விக்டர் பகையோடு சாகிறான், அது பனிப்பாளத்தில் குதித்து இருட்டில் மறைகிறது.

எங்கள் குறை இதுதான். மேரி ஷெல்லி நம்மைச் சிக்கலில் மாட்டுகிறார். குழந்தையைக் கொன்றவனுக்காக இரங்க முடியுமா என்று கேட்கிறார். டெல் டோரோ அந்தக் கொலையை எடுத்துவிட்டு இரங்கச் சொல்கிறார். அப்பாவிக்கு இரங்குவது எளிது. படம் அழகு, நடிப்பு அழகு, ஆனால் கேள்வியின் முள்ளைப் பிடுங்கிவிட்டார்கள்.

படம் பூரா ஒரே இருட்டு. பாதி சீன்ல யார் நிக்கிறாங்கன்னே தெரியல. எங்க வீட்டு டிவி கோளாறா, படமே அப்படியா? (வாசகர், உசிலம்பட்டி)

படம் இருட்டுத்தான், ஆனால் முகம் தெரியாத அளவுக்கு இல்லை. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் டிவியில் ‘எனர்ஜி சேவிங்’ அல்லது ‘எக்கோ’ இருந்தால் அணையுங்கள். கரண்டை மிச்சம் பிடிக்க அது பின்விளக்கைக் குறைத்துவிடும். அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக மாறும் சென்சார் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பிக்சர் மோடை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாற்றுங்கள். விவிட்டில் வெளிச்சம் கூடுதல்போலத் தெரியும், ஆனால் நிழலில் இருக்கும் விவரம் கறுப்பில் மூழ்கிவிடும். அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ இருந்தால் அதுவும் வேண்டாம், நல்ல படத்தை மெகா சீரியல் ஆக்கிவிடும். பெரும்பாலான டிவிகளில் ‘பிரைட்னெஸ்’ என்பது கறுப்பின் அளவு, ‘பேக்லைட்’ என்பதுதான் உண்மையான வெளிச்சம். பலர் முதலாவதை ஏற்றிப் படத்தைச் சாம்பல் பூசிவிடுகிறார்கள். பேக்லைட்டை ஏற்றுங்கள்.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவைச் சொல்லும் ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ லேப்டாப்பில் ஃபுல், டிவியில் லிமிடெட் என்று இருந்தால் இருண்ட இடமெல்லாம் தார் பூசியதுபோல் ஆகும். இரண்டையும் ஒரே மாதிரி வையுங்கள். விலை குறைந்த டிவிகளில் ‘எச்டிஆர்’ (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) என்று எழுதியிருக்கும், அதற்கான வெளிச்சம் பேனலில் இருக்காது. டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வழியாகப் பார்ப்பவர்கள் ஸ்டிக்கின் செட்டிங்கில் எச்டிஆரை நிறுத்திப் பாருங்கள், முகங்கள் தெளியும்.

அடுத்தது நெட். 720பி-க்கு 3 எம்பிபிஎஸ், 1080பி-க்கு 5, 4கே-க்கு 15 வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு. வேகம் குறைந்தால் முதலில் அடிபடுவது இருட்டுக் காட்சிதான், கட்டம் கட்டமாக உடையும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டவர்களுக்கு: எச்டி-யில் மணிக்கு 3 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி பேக் 40 நிமிடத்தில் தீர்ந்து, அப்புறம் கப்பல் எது கடல் எது என்று தெரியாது. முழுப் படத்துக்கு 7.5 ஜிபி கையில் இருக்கட்டும்.

பேச்சு கேட்கவில்லை என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். ஆடியோ பட்டியலில் 5.1 (சுற்றிலும் வைக்கும் ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி) ஓடுகிறதா பாருங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் 5.1 போட்டால் இசை மேலே ஏறி வசனம் அமுங்கும். சாதா ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

கழுத்தில் போல்ட் எங்கே? தட்டையான தலை எங்கே? (வாசகர், வாடிப்பட்டி)

1931-இல் யுனிவர்சல் எடுத்த படத்தில். போரிஸ் கார்லாஃபுக்கு ஜாக் பியர்ஸ் போட்ட ஒப்பனை அது. கழுத்தில் இருப்பது போல்ட் அல்ல, மின்சாரம் ஏற்றும் முனைகள். மேரி ஷெல்லி எழுதியது எட்டடி உயரம், அடியில் ஓடும் தசையும் ரத்தக்குழாயும் தெரியும் மஞ்சள் தோல், பளபளக்கும் கறுத்த நீள முடி, முத்துப் பல், கறுத்த உதடு. உறுப்புகளை அழகாகப் பார்த்துப் பொறுக்கினான் விக்டர், சேர்த்ததும் கோரமாகிவிட்டது. நீள முடியில் புதுப் படம் நாவல் பக்கம் நிற்கிறது. மைக் ஹில் செய்த ஒப்பனையில் தடித்த தையல் இல்லை, மெல்லிய கோடுகள்தான். கை தேர்ந்த சர்ஜன் போட்ட தையல் அப்படித்தான் இருக்கும். அந்த உருவமாக நடித்த ஜேக்கப் எலோர்டிக்கு உடம்பு முழுக்க ஒட்ட 42 துண்டுகள், பத்து மணி நேரம் வரை.

நடிப்பில் யாருக்கு மார்க்? (வாசகி, சிம்மக்கல்)

எலோர்டிக்கு. முன்பாதியில் அவருக்குக் கிடைத்த வசனம் கிட்டத்தட்ட ‘விக்டர்’ என்ற ஒரே சொல். அதையே கெஞ்சலாக, விளையாட்டாக, பயமாகச் சொல்லிப் பார்க்கிறார். விக்டராக வரும் ஆஸ்கர் ஐசக் கொஞ்சம் மேடை நாடகம். மியா கோத்துக்கு விக்டரின் அம்மா, எலிசபெத் என இரண்டு வேடம். இரண்டும் ஒரே முகம் என்பதைக் கவனிக்காதவர்கள் தாயின் காட்சிகளை மறுபடி பாருங்கள், விக்டரின் ஆசையில் என்ன கோளாறு என்று புரியும்.

நான் மருத்துவ மாணவி. இடி மின்னலைப் பிடித்து உயிர் கொடுப்பதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அந்தக் காலத்தில் உண்மையிலேயே நம்பினார்களா? (தல்லாகுளம்)

நம்பக் காரணம் இருந்தது. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டால் துடிப்பதைக் கால்வானி 1791-இல் எழுதினார். அவருடைய உறவுப் பையன் ஆல்டினி 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. கூடியிருந்தவர்கள் சும்மா இருந்திருப்பார்களா?

வேடிக்கை என்னவென்றால் நாவலில் இடி விழுவது ஓர் ஓக் மரத்தின் மேல்தான். உயிர் வரும் இடத்தில் ‘உயிர்ப்பொறி’ என்று ஒரு சொல், முறை என்ன என்று விக்டர் வேண்டுமென்றே சொல்ல மறுக்கிறான். மின்பொறி பறக்கும் ஆய்வுக்கூடம் 1931 படத்தின் கொடை.

உங்களுக்குத் தெரிந்ததை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனையில் வைக்கும் ஷாக், நின்ற இதயத்தை ஓடவைப்பதற்கல்ல. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரு கணம் நிறுத்தி, அதன் சொந்தத் தாளத்துக்குத் திரும்பவைப்பதற்கு. மானிட்டரில் இதயத் துடிப்பின் கோடு நேராகப் போனபின் ஷாக் வைப்பது சினிமா. அங்கே வேண்டியது நெஞ்சை அழுத்துவது: பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம்.

எட்டாம் வகுப்புப் பையன் பார்க்கலாமா? இடைவேளை எங்கே விடுவது? (வாசகி, மேலூர்)

எட்டாம் வகுப்புக்கு வேண்டாம் அக்கா. போர்க்களப் பிணங்களை ரம்பத்தால் அறுத்துப் பொறுக்கும் காட்சி நிதானமாகவே ஓடுகிறது. அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். பெரியவர்கள் பார்க்கும்போது ‘விக்டரின் கதை’ முடிந்து இரண்டாம் பகுதியின் தலைப்பு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து கதை சொல்கிறவன் மாறுகிறான்.

நாங்கள் பத்துப் பதினைந்து பேர் புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சந்தித்துப் பேசுகிறவர்கள். நாவலையும் படத்தையும் சேர்த்து எடுக்க நினைக்கிறோம். வழி சொல்லுங்கள். (வாசகர், கே.கே.நகர்)

படத்தை ஓர் அரங்கில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டாதீர்கள். வீட்டுக் கணக்கு சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் விதி. அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

புத்தகத்தில்தான் குளறுபடி வரும். நாவலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 1818-இல் ஆசிரியர் பெயரில்லாமல் மூன்று பாகமாக 500 பிரதி அச்சானது ஒன்று. மேரி ஷெல்லியே திருத்தி 1831-இல் வெளியிட்டது இன்னொன்று. ஒருவர் கையில் அது, இன்னொருவர் கையில் இது என்றால் சந்திப்பில் பக்கம் தேடியே நேரம் போகும். அத்தியாய எண் பாகத்துக்குப் பாகம் ஒன்றிலிருந்து தொடங்கினால் 1818. ஒரே ஓட்டமாக 24 வரை போய், முன்னால் ஆசிரியரின் நீண்ட முன்னுரையும் இருந்தால் 1831. சந்தேகமென்றால் எலிசபெத் யார் என்று பாருங்கள். முன்னதில் விக்டரின் அத்தை மகள், பின்னதில் ஏழை வீட்டில் வளர்ந்து எடுத்து வளர்க்கப்பட்டவள். உரிமைக்காலம் முடிந்ததால் இரண்டும் இணையத்தில் இலவசம். எதையாவது ஒன்றை எல்லோரும் எடுங்கள்.

1831 என்றால் நான்கு வாரம் போதும். முதல் வாரம் தொடக்கத்தில் வரும் வால்டனின் நான்கு கடிதங்களும் அத்தியாயம் 1 முதல் 5 வரையும். இரண்டாம் வாரம் 6 முதல் 10. மூன்றாம் வாரம் 11 முதல் 17, அந்த உருவம் தன் கதையைச் சொல்லித் துணை கேட்கும் பகுதி. இதை அவசரப்படுத்தாதீர்கள். கடைசி வாரம் மீதி. படத்தை மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பாருங்கள். முன்னாலேயே பார்த்தால் எலோர்டியின் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும், நாவலின் கொலைகாரனைப் பார்க்கவே முடியாது. பேசும் நாளில் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: நாவலில் யார் யார் சாகிறார்கள், யார் கையால், படத்தில் யார் யார், யார் கையால். சண்டை தானாக வரும்.

முழு நாவல் படிக்க நேரமில்லை. ஒரே ஓர் அத்தியாயம் சொல்லுங்கள். (வாசகர், திருப்பரங்குன்றம்)

1831 பதிப்பில் 20-ஆவது, 1818-இல் மூன்றாம் பாகத்தின் மூன்றாவது. ஆர்க்னித் தீவுக் குடிசையில் விக்டர் துணைவியைப் பாதி செய்துவிட்டு யோசிக்கிறான். ஜன்னலில் நிலா வெளிச்சத்தில் அந்த முகம் இளிக்கிறது. அதன் கண்ணெதிரே செய்ததைப் பிய்த்துப் போடுகிறான். ‘உன் கல்யாண இரவில் வருவேன்’ என்று அது சொல்லிவிட்டுப் போகிறது. துண்டுகளைக் கல்லோடு கூடையில் போட்டுக் கடலில் இறக்குவது வரை விவரமாக வரும். படத்தில் விக்டர் துணை செய்ய முதலிலேயே மறுத்துவிடுவதால் இதில் ஒரு வரிகூட இல்லை. பார்த்தவர்களுக்கும் புதிதாக இருக்கும்.