பழைய பிக்கப்பும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரும்: வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கு 57 வயது, மனைவிக்கு 54. இருவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு இன்னும் ஒரு வருடக் கல்லூரி பாக்கி, அதற்கு 18,000 டாலர் ஆகும். 401கே எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகள் தவிர வங்கியில் 1,10,000 டாலர் இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 6,500. ஓய்வு பெறும்வரை காத்திருக்காமல் இப்போதே ஊர் சுற்ற ஆசை. வருடத்தில் 40 இரவுகளாவது வெளியே தங்குவோம், பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போவது நெடுநாள் கனவு. 2020 ஃபோர்டு எஃப்-250 டீசல் பிக்கப் 52,000-க்கும், 34 அடி நீளமுள்ள 2019 ஃபிஃப்த் வீல் டிரெய்லர் 38,000-க்கும் பார்த்து வைத்திருக்கிறோம். "வண்டி 15,000 பவுண்டு இழுக்கும், டிரெய்லர் 10,900 பவுண்டுதான்" என்கிறார் விற்பவர். கையிலிருந்து 30,000 போட்டு, மீதி 60,000-ஐ வீட்டின் மேல் 15 வருடக் கடனாக 9 சதவீதத்தில் எடுக்கலாம் என்று நினைக்கிறோம். அல்லது 401கே-யிலிருந்து எடுப்பது நல்லதா?

பதில்: முழங்காலும் முதுகும் சொன்ன பேச்சைக் கேட்கும்போதே ஊர் சுற்ற வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் போகவே முடியாமல் போனவர்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வண்டியையும் இந்த டிரெய்லரையும் சேர்த்து வாங்காதீர்கள். முதல் காரணம் பணம்கூட இல்லை. அந்த வண்டியால் அந்த டிரெய்லரைச் சுமக்க முடியாது.

விற்பவர் சொன்னது பொய் இல்லை, பாதிதான். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. சாதாரண டிரெய்லர் வண்டியின் பின்பக்கக் கொக்கியில் தொங்கும். ஃபிஃப்த் வீல் அப்படி இல்லை. அதன் முன்பகுதி பிக்கப்பின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே உள்ள ஹிட்ச் என்ற இணைப்பில் உட்கார்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை அந்த இடத்தில் இறங்கும். பின் வெயிட் (pin weight) என்பது இதுதான். அதுபோக நீங்கள் இருவர், ஹிட்ச், கருவிப்பெட்டி, தொட்டியில் போடும் சாமான் எல்லாமே வண்டியின் முதுகில்தான். எவ்வளவு தாங்கும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும். "ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது" என்று அங்கே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். நான்கு கதவு டீசல் எஃப்-250-களில் அந்த எண் பெரும்பாலும் 2,000 முதல் 2,600 வரைதான், ஏனென்றால் கனமான டீசல் எஞ்சினே பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 10,900 என்பது தண்ணீரும் துணியும் பாத்திரமும் இல்லாத வெற்று எடை. டிரெய்லரின் பக்கவாட்டில் ஜிவிடபிள்யூஆர் என்று ஒரு எண் ஒட்டியிருக்கும், சாமானோடு சேர்த்து அதன் மொத்த எடை தாண்டக்கூடாத வரம்பு அது. இந்த அளவு டிரெய்லருக்கு அது 13,500 பவுண்டு பக்கம் இருக்கும். பழகப் பழக நம் வீட்டுச் சாமான் எல்லாம் அதற்குள் குடியேறிவிடும் என்பதால், அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதில் 20 சதவீதம் 2,700. ஹிட்ச் 180, நீங்கள் இருவரும் 320, கருவிகள் 100. ஆக 3,300. வண்டி தாங்குவது 2,400 என்றே வைத்துக்கொண்டாலும் 900 பவுண்டு அதிகம். இது டயருக்கும், பிரேக்குக்கும், பின் அச்சுக்கும் ஆபத்து. விபத்து என்று ஒன்று வந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்.

"அப்படியானால் பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூவலி வாங்கிவிடலாமே" என்று தோன்றும். தாராளமாகத் தாங்கும். ஆனால் டெக்சாஸில் வண்டி, டிரெய்லர் இரண்டின் எடை வரம்பும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லரின் வரம்பு 10,000-ஐத் தாண்டினால், சொந்த உபயோகத்துக்கே கிளாஸ் ஏ ஓட்டுநர் உரிமம் வேண்டும். டூவலியின் வரம்பு 14,000 பக்கம் இருக்கும். அதோடு 13,500-ஐக் கூட்டினால் எல்லை தாண்டிவிடும். உரிமம் எடுப்பது முடியாத காரியம் இல்லை. ஆனால் இதுவரை எதையும் இழுத்துப் பழகாதவர்கள் இவ்வளவு பெரிய ஜோடியில் தொடங்குவதை நான் விரும்பவில்லை.

பிக் பெண்ட் கனவு என்றீர்கள். அங்கே சிசோஸ் பேசினுக்கு ஏறும் மலைப்பாதை செங்குத்தானது, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரைக் கொண்டுவர வேண்டாம் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. எந்த ஃபிஃப்த் வீலானாலும் கீழே ஆற்றோரம் ரியோ கிராண்டே வில்லேஜில் நிறுத்திவிட்டு, பிக்கப்பில் மட்டும் மேலே போக வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் சேர்ந்த இடங்கள் அங்கே குறைவு, பழைய மாநிலப் பூங்காக்களில் இடங்கள் சிறியவை. 34 அடிக்குக் கிடைக்காத இடம் 28 அடிக்குக் கிடைக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். 60,000 டாலர், 9 சதவீதம், 15 வருடம் என்றால் மாதத் தவணை 609. வட்டி மட்டும் ஏறக்குறைய 49,500. அதைவிட முக்கியமான எண் வேறொன்று. ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 48,000 பாக்கி இருக்கும். அப்போது டிரெய்லருக்கு வயது பத்தைத் தாண்டியிருக்கும், வண்டி லட்சம் மைலைத் தாண்டியிருக்கும். இரண்டையும் விற்றால் அந்தக் கடன் அடையுமா என்பதே சந்தேகம். அடையாவிட்டால் பிணையில் இருப்பது நீங்கள் குடியிருக்கும் வீடு. தேய்ந்துகொண்டே போகும் பொருளுக்கு வளர்ந்துகொண்டிருக்கும் சொத்தை அடகு வைக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

"படுக்கை, சமையலறை, கழிப்பறை இருந்தால் டிரெய்லரும் இரண்டாவது வீடுதான், வட்டிக்கு வரிச்சலுகை உண்டு" என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். சட்டத்தில் அது உண்மைதான். ஆனால் அதற்குக் கடன் அந்த டிரெய்லரையே பிணையாகக் கொண்டதாக இருக்க வேண்டும். வீட்டின் மேல் கடன் எடுத்து அந்தப் பணத்தில் டிரெய்லர் வாங்கினால் வட்டிக் கழிவு கிடையாது. டிரெய்லர் மேலேயே கடன் எடுத்தாலும், செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்குத்தான் பயன். தம்பதிக்கு 2025-க்கான நிலையான கழிவே 31,500 டாலர் என்பதால் பெரும்பாலானோருக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. கார் கடன் வட்டிக்கு 2025-ல் வந்த புதுச் சலுகை புது வண்டிக்கு மட்டும்தான். பழைய பிக்கப்புக்குச் செல்லாது.

401கே விஷயத்தில் எடுப்பதும் கடன் வாங்குவதும் ஒன்றல்ல. வேலையில் இருந்துகொண்டே 57-ல் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு, அப்படி எடுக்க உங்கள் திட்டம் அனுமதித்தால். கடனாக வாங்குவதானால் உங்கள் பங்கில் பாதி, அதிகபட்சம் 50,000 வரை கிடைக்கும். ஐந்து வருடத்தில் திருப்ப வேண்டும். நடுவில் வேலை போனால் அந்த வருடத்துக்கான வரித் தாக்கல் கெடுவுக்குள் பாக்கியைக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் பாக்கி முழுவதும் வருமானமாகக் கணக்காகி வரி விழும். 55 வயதுக்குப் பிறகு வேலையை விட்டவருக்கு அபராதம் இல்லை என்றாலும், சம்பளம் நின்ற வருடத்தில் அந்த வரி வலிக்கும். அதைத் தொட வேண்டாம்.

உங்களிடம் வேறு வழி இருக்கிறது. 1,10,000-ல் ஆறு மாதச் செலவு 39,000-ஐயும் மகனின் 18,000-ஐயும் ஒதுக்குங்கள். மிச்சம் 53,000. எல்லாச் செலவும் இதற்குள் முடிய வேண்டும். முடியும், டிரெய்லரின் அளவை முதலில் குறைத்தால். 10,000 பவுண்டு வரம்புள்ள, 28 அடி பக்கம் நீளமுள்ள ஃபிஃப்த் வீல் பாருங்கள். அதன் பின் வெயிட் 2,000. மற்ற 600-ஐயும் சேர்த்தால் 2,600. பெட்ரோலில் ஓடும், முக்கால் டன் வகை என்று அழைக்கப்படும் பிக்கப்களில் ஸ்டிக்கர் எண் 3,000 பக்கம் உள்ளவை கிடைக்கும். எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 எதுவானாலும் பரவாயில்லை. பேட்ஜைப் பார்க்காமல் ஸ்டிக்கரைப் பாருங்கள், ஒரே மாடலிலேயே ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் பல நூறு பவுண்டு வித்தியாசம் இருக்கும். வருடத்துக்கு ஐந்தாறாயிரம் மைல் மட்டும் இழுக்கப்போகிறவர்களுக்கு டீசலுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்ப வராது.

பிக்கப்புக்கு 27,000, டிரெய்லருக்கு 15,000 என்று வைத்துத் தேடுங்கள். 42,000-க்கு 6.25 சதவீத விற்பனை வரி 2,625. தனியாரிடம் வாங்கும் பிக்கப்பை வெகு மலிவாகப் பேசி முடித்தாலும், மாநிலம் தானே வைத்திருக்கும் மதிப்பில் 80 சதவீதத்துக்குக் குறையாமல்தான் வரி போடும். ஹிட்ச் பொருத்த 1,500, டயர்கள் 1,000, பரிசோதனைக்கு 900. மொத்தம் 48,000 சொச்சம். மீதி 5,000 முதல் வருட ரிப்பேருக்கு. அதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், கண்டிப்பாகத் தேவைப்படும். தொட்டி ஆறரை அடி உள்ள வண்டியானால், கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு வண்டியின் பின் கண்ணாடியில் இடிக்கலாம். அதற்கு நகரும் ஹிட்ச் வேண்டும், விலை கூடும். எட்டு அடித் தொட்டியில் அந்தக் கவலை குறைவு.

பரிசோதனைக்கு 900 கொடுக்கத் தயங்குவீர்கள். நானும் தயங்கினேன். சில வருடங்களுக்கு முன் தனி ஒருவரிடம் ஒரு டிரெய்லர் வாங்கினேன். உள்ளே வாசனைத் திரவியம் அடித்து, தரையில் புது விரிப்பு போட்டுப் பளிச்சென்று வைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து முதல் பெரிய மழை. படுக்கையறை மூலையில் கால் வைத்தால் தரை அமுங்கியது. கூரையின் விளிம்பில் பூச்சு வெடித்து, வருடக்கணக்காக நீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சரிசெய்ய 6,400 டாலர் ஆனது. அந்தக் கோடைப் பயணம் முழுவதும் போயிற்று, மனைவியிடம் அந்தச் செய்தியைச் சொன்ன மாலை இன்னும் நினைவிருக்கிறது. அதனால் சொல்கிறேன், டிரெய்லரைக் கொல்வது மைல் இல்லை, தண்ணீர். ஏணி போட்டுக் கூரையில் ஏறுங்கள். ஜன்னல், ஏசி, விளக்கு ஒவ்வொன்றின் ஓரத்திலும் பூச்சு வெடித்திருக்கிறதா பாருங்கள். பக்கச் சுவரில் கொப்புளம்போல உப்பியிருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அலமாரிகளின் உள்மூலைகளை விரலால் அழுத்துங்கள். டிரெய்லர் ஆய்வாளர்களின் சங்கமான என்ஆர்விஐஏ-யின் சான்று பெற்ற ஆய்வாளர்கள் ஈரமானியோடு வந்து அரை நாள் பார்த்து அறிக்கை தருவார்கள். "ஆய்வாளர் வேண்டாமே" என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில். 2025 ஜனவரி 1 முதல் டெக்சாஸில் சொந்த வண்டிகளுக்கு அரசின் பாதுகாப்புப் பரிசோதனையும் இல்லை என்பதால், உங்களுக்காகப் பார்க்க வேறு யாரும் கிடையாது.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கத்தில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நான்கு எண் இருக்கும். 3218 என்றால் 2018-ன் 32-வது வாரம் செய்தது. ஆறேழு வயது தாண்டிய டிரெய்லர் டயரை மாற்றிவிட்டுத்தான் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும்.

பிக்கப்பின் அடையாள எண்ணான விஐஎன்-ஐ, காப்பீட்டு மோசடித் தடுப்பு அமைப்பான என்ஐசிபி தளத்திலும், சாலைப் பாதுகாப்புத் துறையான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்திலும் போட்டால் திருட்டு, முழுச்சேதம், திரும்பப்பெறும் அறிவிப்பு எல்லாம் இலவசமாகத் தெரியும். வளைகுடாக் கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியானால் இருக்கைக்கு அடியில் சேறும் துருவும் தேடுங்கள், 2017-ல் ஹார்வி வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். ஒருவேளை மனம் மாறி டீசலே பார்த்தால், புகை வடிகட்டியைக் கழற்றிய வண்டியை வாங்காதீர்கள், அப்படிக் கழற்றுவது கூட்டாட்சி சட்டத்துக்கு எதிரானது. சில வருட மாடல்களில் உள்ள சிபி4 என்ற எரிபொருள் பம்ப் உடைந்தால் உலோகத் துகள் எஞ்சின் வரை பரவி, பத்தாயிரம் டாலர் வரை பில் வரும்.

வருடச் செலவையும் மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஃபிரிஸ்கோவில் பல குடியிருப்புகளில் வீட்டு முன் டிரெய்லர் நிறுத்த வீட்டு உரிமையாளர் சங்கம் விடாது, கூரையுள்ள வாடகை இடத்துக்கு 1,500 முதல் 2,000 வரை ஆகலாம். இழுக்கும்போது கேலனுக்கு 10 மைல் கொடுத்தால், 6,000 மைலுக்கு 600 கேலன். காப்பீடு, தேய்மானம், ரிப்பேர் எல்லாம் சேர்த்து என் உத்தேசத்தில் வருடம் 11,000 பக்கம் வரும். 40 இரவுக்கு, தங்கும் கட்டணம் போக, இரவுக்கு 275. இது ஓட்டலைவிட மலிவு இல்லை. உங்கள் சமையல், உங்கள் படுக்கை, விடியலில் ஏரிக்கரையில் ஒரு காபி இவற்றுக்காக அந்தப் பணத்தைக் கொடுக்க இருவரும் மனதார ஒத்துக்கொண்டால் வாங்குங்கள். ஒருவருக்கு மட்டும் ஆசையென்றால், முதலில் பூங்காவிலேயே கொண்டுவந்து நிறுத்தித் தரும் வாடகை டிரெய்லரில் ஒரு வாரம் இருந்து பாருங்கள்.

தேடலை அக்டோபருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நிறுத்துமிட வாடகை கட்ட மனமில்லாதவர்கள் விலையில் இறங்கி வருவார்கள். வாங்கியதும் நேரே பிக் பெண்டுக்குக் கிளம்ப வேண்டாம். முதல் இரண்டு இரவு பக்கத்திலிருக்கும் ரே ராபர்ட்ஸ் ஏரிப் பூங்காவில் தங்குங்கள். குழாய், ஹீட்டர், ஃபிரிட்ஜ், பிரேக் எதில் குறை இருந்தாலும் மெக்கானிக் கிடைக்கும் தூரத்திலேயே அது தெரிந்துவிடும். திரும்பும் வழியில் லாரி எடைமேடையில் ஏற்றி, சாமானோடு உங்கள் வண்டி உண்மையில் எத்தனை பவுண்டு என்று ஒரு சீட்டு வாங்கிக் கையுறைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.